டர்பன் வீட்டுச் சுவருக்கு எந்தப் பழக்கொடி?

கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து, ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம் வீடு வாங்கியிருக்கும் ஒரு தம்பதி கேட்ட கேள்வி இது. தோட்டத்தின் மூன்று பக்கமும் சாம்பல் நிற பிரீகாஸ்ட் சுவர், அதாவது வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிய சுவர். உயரம் 1.8 மீட்டர், நீளமான பக்கம் 12 மீட்டர். பார்த்தால் சிறைச்சாலை மாதிரி இருக்கிறதாம். சுவர் முழுக்க மறைய வேண்டும், பழமும் கிடைக்க வேண்டும், என்ன கொடி வைக்கலாம்? அதிகக் குளிரும் இல்லாத ஊர், எதை நட்டாலும் வரும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், கிவி வைக்கலாமா?

எதை நட்டாலும் வரும் என்பது பாதி உண்மை. வரும், ஆனால் காய்க்காது. கிவியை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். அது இலையுதிர்த்து உறங்குவதற்குக் குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் 7 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். டர்பன் கடற்கரையில் ஜூலை மாத இரவே சராசரியாகப் பத்து, பதினோரு டிகிரிக்குக் கீழே போவதில்லை. போதாததற்கு ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. விட்டுவிடுங்கள்.

அடுத்து உங்கள் ஆசையையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சுவரை மறைப்பது ஒரு வேலை, பழம் தருவது வேறொரு வேலை. நன்றாகக் காய்க்க வேண்டிய கொடியைக் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கத்தரித்தால் சுவர் தெரியும். கத்தரிக்காமல் விட்டால் இரண்டே கோடையில் சுவர் காணாமல் போகும், பழமும் கூடவே குறையும். நர்சரிக்காரர் இதைச் சொல்ல மாட்டார். ஒரே கொடியிடம் இரண்டு வேலையையும் கேட்பதால்தான் இங்கே பாதி வீட்டுச் சுவர்களில் வெறும் இலைக்காடு தொங்குகிறது. மூன்று சுவருக்கும் மூன்று விதமான செடி என்று யோசித்தால் பிரச்சினை தானாகக் குறையும்.

எந்தச் சுவருக்கு எது என்பதை வெயில்தான் முடிவு செய்யும். கோயம்புத்தூரில் சூரியன் ஆண்டில் சில மாதம் உச்சிக்கு வடக்கே, மீதி மாதம் தெற்கே போகும். யாரும் கவனிப்பதுகூட இல்லை. டர்பன் ஏறக்குறைய 30 பாகை தெற்கில் இருக்கிறது, ஆகவே நண்பகல் சூரியன் எப்போதும் வடக்கில்தான். ஜூன் மாத நண்பகலில் அது 37 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. அப்போது 1.8 மீட்டர் சுவர் ஒன்று தெற்கே 2.4 மீட்டர் நீளத்துக்கு நிழல் போடும். வீடு விற்கும் ஏஜெண்டுகள் 'நார்த் ஃபேஸிங்' என்று கூவி விற்பது வாஸ்துவுக்காக அல்ல, குளிர்கால வெயிலுக்காக. இதில் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை குழம்புவார்கள்: வடக்கே பார்த்த சுவர் என்பது உங்கள் மனையின் தெற்கு எல்லையில் நிற்கும் சுவர். வடக்கு எல்லையில் நிற்கும் சுவரின் உங்கள் பக்கம் தெற்கே பார்க்கும். அதில் குளிர்காலம் முழுக்க வெயிலே படாது. நடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று என மூன்று தடவை வெளியே வந்து எது வெளிச்சம், எது நிழல் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

வடக்கே பார்க்கும் அந்த நல்ல சுவருக்கு என் ஓட்டு திராட்சைக்கு. ஆனால் கடையில் வாங்கிச் சாப்பிடும் திராட்சை இல்லை. கேப் டவுன் பக்கம் விளையும் ஹனிபூட் போன்ற ஐரோப்பிய வகைகள் வறண்ட கோடைக்குப் பிறந்தவை. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், பழுக்கும் மாதங்களில் வானம் வெளுத்துக் கிடக்கும். நமக்கு நேர்மாறு. ஆண்டுக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் கொட்டும், சரியாகப் பழம் நிறம் மாறும் வேளையில். ஐரோப்பியத் திராட்சை இங்கே அடிச்சாம்பல் நோயிலும் அழுகலிலும் போய்விடும். இந்தப் பக்கத்தில் பழைய இந்திய வீடுகளின் பின்கட்டில் நீங்கள் பார்க்கும் பந்தல் பெரும்பாலும் கட்டாபா. அமெரிக்கக் காட்டுத் திராட்சையும் ஐரோப்பியத் திராட்சையும் கலந்து பிறந்த வகை, செம்மையும் ஊதாவும் கலந்த நிறம். தோல் பையைப் போலக் கழன்று வரும், உள்ளே விதை உண்டு. பன்னீர் திராட்சை சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு முதலில் வாசனை தூக்கலாகத் தெரியும். பெங்களூர் புளூ பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும், இரண்டும் ஏறக்குறைய ஒரே வம்சம். நோயே வராது என்று சொல்ல மாட்டேன். ஈரக் கோடையைத் தாங்கிக்கொண்டு காய்க்கும், அதுதான் இங்கே முக்கியம். எங்கள் ஆயா வீட்டில் தைப்பூசக் காவடியும் கட்டாபா பழுப்பதும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். விரத நாட்களில் கொத்தைப் பார்த்துக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்தது இன்னும் நினைவிருக்கிறது.

திராட்சையின் குறை, குளிர்காலத்தில் இலை உதிர்ந்துவிடும். உங்கள் சிறைச்சாலை ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதம் திரும்பி வரும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. குளிர்காலத்தில் அந்தச் சுவர் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் சூட்டைத் திருப்பித் தரும். சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டால் கொடியின் முறுக்கிய தண்டே ஓர் அழகு.

கத்தரிப்பதில்தான் நம்மவர்கள் பயப்படுவார்கள். திராட்சை காய்ப்பது இந்த ஆண்டு துளிர்க்கும் பச்சைக் கிளையில், அந்தத் துளிர் வருவது சென்ற ஆண்டுக் குச்சியில். அதற்கு முந்தைய கிழட்டுக் கட்டை வெறும் குழாய். ஜூலைக் கடைசியில், மொட்டு வீங்கும் முன், பென்சில் கனமுள்ள சென்ற ஆண்டுக் குச்சிகளில் நல்லதாக நான்கைந்தை மட்டும் விட்டு, ஒவ்வொன்றிலும் எட்டு அல்லது பத்து மொட்டு இருக்கும்படி வெட்டி, கம்பியில் படுக்கை வசமாகக் கட்டுங்கள். மீதியெல்லாம் குப்பை. சென்ற ஆண்டு வளர்ந்ததில் பத்தில் எட்டுப் பங்கு கீழே கிடக்க வேண்டும். மனசு கேட்காது, வெட்டுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது அங்கே. இங்கே ஆடி என்றால் கையில் விதையும் இருக்கக் கூடாது, மண்வெட்டியும் இருக்கக் கூடாது, கத்தரிக்கோல் இருக்க வேண்டும்.

கிழக்கே பார்க்கும் சுவருக்கு கிரனடில்லா. கொடைக்கானல் பக்கம் தாட்பூட் பழம், இலங்கைத் தமிழில் கொடித்தோடை. இங்கே எல்லாருக்கும் கிரனடில்லாதான். தெற்கு பிரேசில் பக்கத்துக் கொடி என்றாலும் இந்தக் கரையோரம் சொந்த ஊர் மாதிரி வளரும். உங்கள் 'மறைக்கணும், காய்க்கணும்' ஆசைக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆண்டு முழுதும் பச்சை, முதல் கோடையிலேயே மூன்று நான்கு மீட்டர் பரவும், பெரும்பாலும் அடுத்த ஆண்டே காய்க்கும். கோடையில் பெரிய அறுவடை, பருவம் ஒத்துழைத்தால் குளிர்காலத்தில் சின்னதாக இன்னொன்று.

வாங்கும்போது ஊதாப் பழ வகையைக் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் வகை பழம் பெரியது, சாறும் அதிகம், ஆனால் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பக்கத்தில் வேறொரு செடி வேண்டும். அதன் பூ நண்பகல் வாக்கில்தான் திறக்கும், ஊதா வகையோ விடியலில் திறந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். நான் முதலில் வைத்தது ஒரே ஒரு மஞ்சள் கொடி. இரண்டு ஆண்டு பூவாகப் பூத்தது, ஒரு காய் பிடிக்கவில்லை. உரம் போதவில்லை என்று நினைத்துக் கோழி எருவைக் கொட்டினேன். தழை இன்னும் கொழுத்தது, அவ்வளவுதான். தழைச்சத்து கூடினால் கிரனடில்லா பூவை மறந்துவிடும். இங்கே உரப் பையில் எழுதியிருக்கும் மூன்று எண்கள் முறையே தழை, மணி, சாம்பல் சத்தின் விகிதம். 3:1:5 என்று எழுதியதை எடுங்கள், கடைசி எண் பெரிதாக இருப்பதுதான் பழத்துக்கு. கோடையில் மாதம் ஒரு கைப்பிடி, வேரிலிருந்து தள்ளித் தூவி நன்றாகத் தண்ணீர்.

இந்தப் பூவுக்கு வேலை பார்ப்பது பெரிய கருப்புத் தச்சன் தேனீ, தமிழ்நாட்டில் மூங்கிலைத் துளைக்குமே அதே வகை. சாதாரணத் தேனீ சின்னது, மகரந்தத்தைத் திருடிக்கொண்டு போகும், சூல்முடியைத் தொடாது. தச்சன் தேனீயை வீட்டு மரத்தைத் துளைக்கிறது என்று விரட்டாதீர்கள். தோட்டத்து மூலையில் ஒரு காய்ந்த கட்டையைப் போட்டு வையுங்கள், அங்கே குடியேறட்டும். தேனீ வராத வாரத்தில் ஒரு சின்ன பிரஷ் போதும்.

கிரனடில்லாவுக்கு ஆயுள் குறைவு. நான்கைந்து ஆண்டில் வாடல் நோயோ வைரஸோ வந்து சுருங்கிவிடும், காய் கட்டையாகிவிடும். மூன்றாம் ஆண்டிலேயே இரண்டு மீட்டர் தள்ளிப் புதிய கன்று ஒன்றை நட்டு வளர்த்துக்கொள்ள வேண்டும். பழைய குழியில் நடக் கூடாது, வாடல் பூஞ்சை மண்ணில் உட்கார்ந்திருக்கும். வசந்த காலத் தொடக்கத்தில், ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில், உள்ளே காய்ந்த கொடிகளை வெட்டி எடுங்கள். இல்லாவிட்டால் மேலே பச்சை, உள்ளே சருகு, எலிக்குக் குடித்தனம். பழம் தானாக உதிர்ந்தால்தான் சரியான பழம், தோல் சுருங்கினால் இன்னும் இனிப்பு. பச்சைக் காயைக் குழந்தைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதிலும் இலையிலும் சயனைடு தரும் பொருள் இருக்கிறது.

இன்னொரு அனுபவம். ஒரு வியாபாரியிடம் கிரனடில்லா என்று வாங்கிய கன்று, பூத்தபோது நீல வளையமும் பிறகு ஆரஞ்சு நிறத்தில் பொள்ளல் பழமுமாக வந்து நின்றது. நீலப் பாசிப்பூ (ப்ளூ பேஷன் ஃபிளவர்) என்ற வகை. நாலாபக்கமும் வேரிலிருந்து முளைவிட்டது, தோண்டி எடுக்க ஓர் ஆண்டு ஆனது. தென்னாப்பிரிக்காவில் 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில் அயல் ஊடுருவிச் செடிகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. 1பி என்ற பிரிவில் இருந்தால் விற்கக் கூடாது, வளர்க்கக் கூடாது, தோட்டத்தில் இருந்தால் நீங்கள்தான் கட்டுப்படுத்த வேண்டும். நீலப் பாசிப்பூ அதில் இருக்கிறது. வாழைப்பழ கிரனடில்லா என்று நீளமான மஞ்சள் பழத்தைக் காட்டி யாராவது கன்று கொடுத்தால், அதுவும் அதே பிரிவு. பார்படோஸ் நெல்லி என்ற முள்கொடியும் அப்படித்தான். பழம் தின்னலாம் என்பார்கள், இந்த மாகாணத்துக் காடுகளை மூடிக்கொண்டிருக்கும் செடி அது. நம்மவர்கள் ஏமாறும் இன்னொன்று, ஓடைக்கரைகளில் முடக்கத்தான் போலவே பலூன் காயோடு படரும் பெரிய கொடி. முடக்கத்தானுக்கு அக்காள் முறைதான், ஆனால் அதுவும் 1பி. கீரை என்று நினைத்துக் கொண்டுவந்து நட்டுவிடாதீர்கள்.

தெற்கே பார்க்கும் நிழல் சுவருக்கு எல்லாரும் கையை விரிப்பார்கள். எனக்கு அந்தச் சுவர்தான் பிடிக்கும். டெலிஷியஸ் மான்ஸ்டர் என்று இங்கே சொல்லும் ஓட்டை இலைக் கொடி நிழலுக்கென்றே பிறந்தது, தெற்கு மெக்சிகோவின் காட்டு மரங்களில் ஏறுவது. வரவேற்பறைத் தொட்டியில் வாடி நிற்பதை வெளியே மண்ணில் இறக்கினால் இலை ஒவ்வொன்றும் முறம் அளவு வரும். சோளக்கதிர் போன்ற காய் முற்ற ஓர் ஆண்டு ஆகும். மேலே பச்சைச் செதில்கள் தாமாக உதிரும் பகுதியை மட்டும் சாப்பிட வேண்டும், அன்னாசியும் வாழைப்பழமும் கலந்த ருசி. அவசரப்பட்டுப் பச்சையாகக் கடித்தால் கருணைக்கிழங்கைப் பத்து மடங்கு ஆக்கினாற்போல் தொண்டை அரிக்கும். அதே ஊசிப் படிகங்கள்தான் காரணம். கூடவே அடியில் ஒரு வெற்றிலைக்கொடி வைத்துக்கொள்ளுங்கள். பழம் இல்லைதான், பூசைக்கு வெற்றிலை தேடி அலையும் வேலை மிச்சம். உள்ளூர்ச் செடியே வேண்டும் என்றால் ரொய்சிசஸ் என்ற காட்டுத் திராட்சை இருக்கிறது. எப்போதும் பச்சை, நிழல் தாங்கும், பழம் புளிப்பு, ஜாமுக்கு மட்டும். உங்கள் ஜாமை முதலில் சாப்பிடப் போவது பறவைகள்.

மேற்கு வெயில் வாங்கும் ஒரு துண்டுச் சுவர் இருந்தால் அமடுங்குலு. ஜூலு மொழிப் பெயர், நம் களாக்காயின் சொந்தத் தங்கை, இந்தக் கடற்கரையின் பூர்வீகம். கொடி அல்ல, புதர், கம்பியில் சாய்த்துக் கட்டினால் சுவரோடு ஒட்டி நிற்கும். உப்புக் காற்றைச் சட்டை செய்யாது. கவட்டை முள், மல்லிகை மணக்கும் வெள்ளைப் பூ, சிவந்த பழம். நன்றாகச் சிவந்தால்தான் சாப்பிடலாம். முள் காரணமாகத் திருடனும் அந்தப் பக்கம் வரமாட்டான். உங்கள் அம்மா களாக்காய் ஊறுகாய் போடும் பக்குவத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இந்தச் சிவந்த பழத்துக்கும் அப்படியே செல்லும்.

சரி, இதையெல்லாம் எதில் கட்டுவது? பிரீகாஸ்ட் பலகையில் துளை போட்டு ஆணி அடிக்காதீர்கள். மெல்லிய பலகை, மழையில் நனைந்த கிரனடில்லா ஒரு ஆள் கனத்துக்கு மேல் வரும், காற்றும் சேர்ந்தால் பலகை வெளியே வந்துவிடும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மருந்தேற்றிய கம் (யூகலிப்டஸ்) கட்டைகளை இரண்டரை மீட்டருக்கு ஒன்றாக, 60 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, அரை மீட்டருக்கு ஒரு வரிசையாகக் கம்பி இழுங்கள். கடல் காற்றில் சாதாரண நாகமுலாம் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் பூசியது நல்லது. சுவருக்கும் இலைக்கும் நடுவே காற்று போனால் நோய் குறையும், பின்னால் கையை விட்டுக் கட்டவும் முடியும். செடியைச் சுவரடியில் நடாதீர்கள், அரை மீட்டர் தள்ளி நட்டுச் சாய்த்துக் கொண்டுபோங்கள். சுவரடியில் மழை விழாது, அங்கே இருப்பது மண் அல்ல, கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன சிமெண்ட். கரைக்கு நெருங்கிய மேடுகளில் பெரியா என்று இங்கே சொல்லும் சிவப்பு மணல் கிடைத்தால் அது தண்ணீரை ஒரு நிமிடம்கூடப் பிடித்து வைக்காது, மக்கு உரம் வண்டி வண்டியாக வேண்டும். சுவர் மேட்டைத் தாங்கி நிற்கும் சுவராக இருந்தால் அதன் வடிகால் துளைகளை எந்தக் கொடியும் அடைக்கக் கூடாது.

மேலே மின்வேலி இருந்தால் கொடியை அதற்கு ஒரு முழம் கீழேயே நிறுத்துங்கள். ஒரு தளிர் தொட்டால் போதும், ஈர இரவில் அலாரம் கத்தும். எங்கள் தெருவில் ஒரு டிசம்பர் முழுக்க இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிட்ட புண்ணியவான் என் கிரனடில்லாதான்.

குரங்குகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது. ரிசர்வாயர் ஹில்ஸில் இருந்துகொண்டு வெர்வெட் குரங்கைக் கணக்கில் எடுக்காமல் பழம் வளர்க்க முடியாது. பழுக்கும் வரை அவை காத்திருக்காது, ஒரு கடி கடித்துப் புளித்தால் எறிந்துவிட்டு அடுத்ததைப் பறிக்கும். கிரனடில்லாவை நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்துச் சமையலறையில் வைத்தால் பழுத்துவிடும். திராட்சைக்கு அது நடக்காது, கொடியில் பழுக்காதது கூடையில் பழுக்காது. ஆகவே கொத்துகளைச் சுற்றி இறுக்கமான வலை, அதுவும் வீட்டு ஜன்னலுக்கு நேராகத் தெரியும் இடத்தில். மூன்றில் ஒரு பங்கு அவற்றுக்கு என்று மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். டெலிஷியஸ் மான்ஸ்டரின் பச்சைக் காயை எங்கள் வீட்டில் அவை இதுவரை தொட்டதில்லை.

முதல் கோடையில் சுவர் வெறுமையாக நிற்கும், அதைத் தாங்க முடியாது என்றால் செப்டம்பர், அக்டோபரில் பீர்க்கும் பாகலும் விதைத்துவிடுங்கள். அதே கம்பியில் ஏறும், டிசம்பரில் மறைத்துவிடும், பாகலைக் குரங்கும் ஒருமுறைதான் கடிக்கும். கன்றுகளுக்கு மேல் படராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கட்டாபா கன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஜூலையில் கொடி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் வெட்டிப் போட்ட குச்சி குவிந்து கிடக்கும். நான்கு கணு உள்ள குச்சியாகப் பொறுக்கி, அடிப்பக்கத்தை நேராகவும் மேல்பக்கத்தைச் சாய்வாகவும் வெட்டிக்கொள்ளுங்கள், நடும்போது தலைகீழாகிவிடாமல் இருக்க. ஈர மணலில் இரண்டு கணு உள்ளே, இரண்டு வெளியே. செப்டம்பரில் துளிர்க்கும். ஐந்து குச்சி வையுங்கள், இரண்டு குச்சியாவது பிழைக்கும்.